ரோஸ்லினை எழுப்ப வேண்டும்

சனிக்கிழமைதோறும் மகளை எழுப்புவதற்காக பிலோமினா டீச்சர் திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறுவாள். மகள் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

இதைப் படித்ததும், பாவம், பெற்ற மனம், புத்தி பேதலித்துவிட்டது என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். பிலோமினாவின் புத்தி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விசில் இல்லாமலேயே மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையைத் திரும்பிப் பார்க்க வைக்கிற தொண்டை. தலைமை ஆசிரியையே அவளிடம் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார். அவள் எழுப்பப் போனது நிஜம். அங்கே ஒன்று எழுந்ததும் நிஜம். எழுந்தது எது என்பதில்தான் தகராறு.

ரோஸ்லினுக்குப் பதின்மூன்று வயதில் தலைவலி வந்தது. கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார்கள், போட்டார்கள். வாந்தி வந்தது, பித்தம் என்றார்கள். கடைசியில் பார்த்தால் இடது காதுக்கு மேலே, மூளைக்குள், ஒரு கட்டி. அறுத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். முடி கொட்டி, மறுபடி சுருள்சுருளாக முளைத்தது. பள்ளிக்கூடம் போனாள், கோகோ கூட ஆடினாள். அடுத்த வருடமே கட்டி திரும்பி வந்தது. பிள்ளைகளின் மூளையில் வருகிற கட்டிகளில் சில அப்படித்தான். போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு, வீட்டு அடையாளம் தெரிந்த திருடன் மாதிரி திரும்பி வரும். இரண்டாம் முறை வந்தது எந்த மருந்துக்கும் மசியவில்லை. பதினாறாவது பிறந்த நாளைக்கு எடுத்த பாவாடை தாவணி தைக்கக் கொடுத்த கடையிலேயே கிடக்க, அவள் போய்விட்டாள்.

கடைசி வாரத்தில் மதுரைக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் நஸ்ரீன் வந்து, மெல்லிய குரலில், பிள்ளை போன பிறகு அந்தக் கட்டியைத் தருவீர்களா என்று கேட்டார். மற்றப் பிள்ளைகளுக்கு உதவும் என்றார். பிலோமினாவின் கணவர் சவரிராஜ் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தின் உச்சியில் நின்று பேசுகிற மாதிரி எண்ணி எண்ணிப் பேசுகிற மனிதர். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிலோமினாதான் வாய் திறந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. அந்தச் சனியன் எம்மகளோட ஒரே குழியில படுக்கக் கூடாது."

போனது கட்டி மட்டும் இல்லை என்று அவளுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நஸ்ரீன் போனில் கூப்பிட்டு, நேரில் வர முடியுமா, உங்கள் குரல் வேண்டும் என்றார்.

"குரலா? எதுக்கு?"

நஸ்ரீன் அவளை உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். "கட்டிய மட்டும் தனியா வளர்த்தா அது தூங்கிடுது டீச்சர். பக்கத்துல நரம்பு பேசிக்கிட்டே இருக்கணும். அந்தப் பேச்சைக் குடிச்சுத்தான் அது வளருது. அதனால சுத்தி இருந்த நரம்பையும் ஒரு துளி சேர்த்து எடுத்தோம். அதையும் உயிரோட வெச்சிருக்கோம்."

"என்ன நரம்பு?"

"காதுல விழறதைப் புரிஞ்சுக்கிற இடம்."

பிலோமினா காப்பியைக் கீழே வைத்தாள். "எம்மக காதா?"

"காது இல்ல. காதுக்கு உள்ள, இன்னும் உள்ள..." நஸ்ரீன் வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை. "சரி, அப்படியே வெச்சுக்கோங்க."

விஷயம் இதுதான். திரும்பி வருகிற கட்டி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. நம் உடம்புக்குள் ரோந்து சுற்றுகிற காவல் செல்களுக்கு அதை அடையாளம் தெரிவதில்லை. செத்த கட்டியைக் காட்டிப் பழக்கினாலும் பயனில்லை, அது செத்த பிறகும் வேஷத்தோடுதான் கிடக்கிறது. ஆனால் பக்கத்து நரம்பு பேச ஆரம்பித்தால் மட்டும், அதைக் குடிக்கிற ஆசையில், ஒளித்துவைத்த முகத்தை வெளியே நீட்டுகிறது. அந்த நேரம் பார்த்துக் காவல் செல்லுக்குக் காட்டிவிட்டால் அது மறக்காது. அந்தச் செல்லைப் பெருக்கி இன்னொரு பிள்ளைக்குப் போட்டால், அங்கேயும் போய்ப் பிடித்துவிடும்.

"மின்சாரம் குடுத்துப் பார்த்தோம். பாட்டுப் போட்டுப் பார்த்தோம். லேசா முனகுது, அவ்வளவுதான். தெரிஞ்ச குரலா இருந்தா பேசுமோன்னு பார்க்கிறோம்."

ஒரு கண்ணாடி வட்டில். அதில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஏதோ திரவம். நடுவே பட்டாணி அளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு. முன்னால் ஒரு மைக். அவள் பேசுவது மின் துடிப்பாக மாறித் திட்டுக்குப் போகும். திட்டு பதிலுக்குத் துடித்தால் அது ஒலிபெருக்கியில் சத்தமாக வரும்.

"ரோசிம்மா, என் தங்கமே, அம்மா வந்திருக்கேன்டா" என்றாள் பிலோமினா. ஒன்றுமில்லை. அடுத்த வாரம் அழுதாள். அதற்கடுத்த வாரம் ஜெபம் சொன்னாள். நல்ல நல்ல வார்த்தையாகத் தேடிக் கொண்டுவந்து கொட்டினாள். ஒலிபெருக்கி மழைக்கால ரேடியோ போல இரைந்துகொண்டிருந்ததே தவிர வேறில்லை. கடைசியில் ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்வலி, முதுகுவலி எல்லாம் சேர்ந்து அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏய் ரோசி! எந்திரிடி! மணி ஏழாச்சு, ஆட்டோக்காரர் வந்து ஹாரன் அடிக்கிறாரு, இன்னும் என்னடி தூக்கம்? தண்ணிய ஊத்தவா?"

ஒலிபெருக்கியில் படபடவென்று கடுகு பொரிந்தது.

கடுகேதான். காய்ந்த எண்ணெயில் போட்ட மாதிரி, ஒன்று, இரண்டு, பிறகு மொத்தமாக. நஸ்ரீன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அப்போது மணி ஏழும் இல்லை, காலை பதினொன்று. தமிழ்நாட்டில் எந்தத் தாய் பிள்ளையை எழுப்பும்போது சரியான நேரம் சொல்லியிருக்கிறாள்? ஆறு என்றால் ஏழு, ஏழு என்றால் எட்டு. பிள்ளைகளுக்கும் அது பொய் என்று தெரியும், தெரிந்தும் பதறி எழுந்து கடிகாரத்தைப் பார்க்கும். தாலாட்டுக்கு அசையாத திட்டு இந்தப் பழைய பொய்க்கு அசைந்துவிட்டது.

அந்த வசவைப் பதிவு செய்து தினம் போட்டுப் பார்த்தார்கள். முதல் தடவை பொரிந்தது, பிறகு கண்டுகொள்ளவில்லை. பிள்ளைகளும் அப்படித்தானே. அலாரத்தை அமுக்கிவிட்டுத் தூங்கும், அம்மா வந்தால்தான் ஆகும். ஆக, பிலோமினா சனிக்கிழமைதோறும் வர வேண்டியதாயிற்று. வசவும் வாரத்துக்கு ஒன்று புதிதாக இருந்தது. அதற்கு அவளிடம் பஞ்சமில்லை.

அவளை உலுக்கியது வேறு ஒன்று. பெரிய சத்தம் ஓய்ந்து, கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, சோம்பலாக, நாலைந்து கடுகு தனியாக வெடிக்கும். ஒவ்வொரு தடவையும்.

"அது எதிரொலி மாதிரிதான் டீச்சர். அடங்கறதுக்கு முன்னாடி ஒரு துடிப்பு."

"இல்ல டாக்டர். 'இன்னும் அஞ்சு நிமிஷம்மா'ங்கறா."

நஸ்ரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு வாய் கிடையாது. நினைப்பு கிடையாது. இந்தத் துளியில அதுக்கெல்லாம் இடமே இல்ல. நீங்க இப்படி நினைச்சா உங்களால தாங்க முடியாது."

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றாள் பிலோமினா. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த நாலைந்து கடுகு அவள் காதில் வெடித்துக்கொண்டே வந்தது.

அன்றிலிருந்து அவள் வீட்டில் தாளிப்பது நின்றுபோனது. வாணலியில் கடுகு பொரிந்தால் கை அப்படியே நின்றுவிடும், எண்ணெய் கருகிப் புகையும். சவரிராஜ் தாளிக்காத சாம்பாரையும் மொட்டைச் சட்னியையும் ஏன் என்று கேட்காமல் சாப்பிட்டார். பக்கத்து வீட்டில் யாராவது தாளித்தால் பிலோமினா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். பேய் பிடித்தவளுக்கு வேப்பிலை அடிப்பார்கள். இவளைப் பிடித்தது பேய் இல்லை, பிள்ளை. அதற்கு யார் வேப்பிலை அடிப்பது?

கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று. சாமியார் குழி குழியாக மந்திரித்துக்கொண்டு வருவார். பிலோமினா போகவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யாராவது கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களா? சவரிராஜ் தனியாகப் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"யாரோ நமக்கு முந்தி வந்து ரோசி குழியில ஒரு மூடித் தேங்காயும் சூடமும் வெச்சுட்டுப் போயிருக்காங்க. நம்மாளுங்க யாரு சூடம் கொளுத்துவா? கல்லறை மாறி வெச்சுட்டாங்க போல."

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல. இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

ஆராய்ச்சி நிலையத்தில் பிள்ளைகளுக்கு வைத்தியமும் பார்த்தார்கள். அதன் வெளிக்கூடத்தில் நீளமாக ஒரு பெஞ்சு உண்டு. அங்கேதான், அந்த ஆடியிலேயே, பாண்டீஸ்வரி பழக்கமாகியிருந்தாள். மதுரையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, தூக்குச் சட்டியோடு, ஒரு நாள் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மகள் கனிஷ்காவுக்குப் பதினொரு வயது. அதே கட்டி, அதே பக்கம், அதுவும் ஒரு முறை போய்த் திரும்பி வந்தது. புது மருந்து ஒன்று கொடுத்து அதைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"உங்க பாப்பா எங்கக்கா?"

"உள்ள இருக்கா. தூங்குறா" என்றாள் பிலோமினா. வாய் தவறி வந்த பொய் இல்லை, அவள் அளவில் அது பொய்யே இல்லை. ஆனால் அப்படிச் சொன்ன பிறகு திருத்த முடியாமல் போயிற்று. வாராவாரம் பாண்டீஸ்வரி, "பாப்பா எந்திரிச்சாளா டீச்சரக்கா?" என்று கேட்பாள். "எந்திரிச்சா. மறுபடி படுத்துக்கிட்டா" என்பாள் இவள். பாண்டீஸ்வரி தூக்குச் சட்டியைத் திறந்து புளிச்சோற்றைப் பாதி இவளுக்கு வைப்பாள். பிலோமினா அதில் கிடக்கிற கடுகை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவாள். ஏன் என்று பாண்டீஸ்வரியும் கேட்டதில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, எழுப்பி முடித்ததும் நஸ்ரீன் கதவைச் சாத்தினார்.

"டீச்சர், நான் ஒண்ணு கேட்கணும். மறுக்கறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன்."

இதுவரை செய்ததெல்லாம் ஓரத்தில் சுரண்டிப் பார்த்ததுதான். காவல் செல்களுக்கு அரைகுறைப் பாடம்தான் ஏறியிருக்கிறது. பாடம் முழுதாக ஏற வேண்டுமானால் அவற்றை வட்டிலுக்குள் விட்டு, திட்டு விழித்திருக்கும்போதே, கட்டியை முடிக்க விட வேண்டும். கட்டியும் நரம்பும் பின்னிக் கிடக்கின்றன. கட்டி போனால் நரம்பும் போகும்.

"பாதியா வெட்டிக் குடுங்க. பாதிய எனக்கு வெச்சுருங்க."

"வேற ஒரு பிள்ளையோடதுல அப்படிச் செஞ்சோம். ரெண்டு பாதியும் செத்துப்போச்சு. நாலு பிள்ளைகளோடது இருந்தது. இப்ப உயிரோட இருக்கிறது இது ஒண்ணுதான். கட்டி பெருகும் டீச்சர், நரம்பு பெருகாது. ஆனா பாடம் படிச்ச செல் பெருகும். ஒரு தடவை படிச்சுட்டா அது எத்தனை பிள்ளைகளுக்கு வேணும்னாலும் போகும். இப்ப ஒரு குழந்தை காத்திருக்கு. யாருன்னு நான் சொல்லக் கூடாது."

"என்னையவே எழுப்பச் சொல்லி, எந்திரிச்சதும் அவளைக் கொல்லணுங்கறீங்க."

"அவ போய்ட்டா டீச்சர்."

"அப்ப வாராவாரம் நான் யாரை எழுப்பறேன்? சொல்லுங்க டாக்டர், யாரை?"

முடியாது என்று சொல்லிவிட்டு பிலோமினா எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சவரிராஜிடம் சொன்னாள்.

"மண்ணுல பாதி, மதுரையில பாதின்னு பிள்ளை எத்தனை நாளைக்குத்தான் கெடக்கும் பிலோ?" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அவள் உள்ளே போகும் முன்பே பெஞ்சில் கனிஷ்கா படுத்திருப்பதைப் பார்த்தாள். தாயின் மடியில் தலை, காலில் ஒரு செருப்பு இருந்தது, இன்னொன்றைக் காணவில்லை. பாண்டீஸ்வரி குனிந்து எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"கனி, எந்திரிடா. மணி பன்னெண்டாச்சு பாரு. ஸ்கேனுக்குக் கூப்புடுறாங்க. ஏய் கனி." மணி பத்துகூட ஆகவில்லை. பிள்ளை அசையவில்லை. பாண்டீஸ்வரியின் குரல் ஏறியது, பிறகு உடைந்தது. "கனி, அம்மா பாவம்ல. எந்திரிச்சுருடா. கண்ணை மட்டும் தொறடா சாமி." எழுப்புகிற குரல் கெஞ்சுகிற குரலாக மாறும் அந்த இடத்தை பிலோமினா அறிவாள். ரோஸ்லினின் கடைசி மாதத்தில் அவளும் அந்த இடத்தைத் தாண்டியவள்தான்.

"எப்ப இருந்து இப்படி?"

"வியாழக்கெழமைல இருந்துக்கா. மருந்து கேக்க மாட்டேங்குதாம். மறுபடி வளந்துருச்சாம். தூங்கிட்டே இருக்கா. எந்தத் தடவை எந்திரிக்காமப் போயிருவாளோன்னு ஒவ்வொரு தடவையும்..."

பிலோமினா பையைக் கீழே வைத்தாள். மைதானத்துக் குரலை எடுத்தாள்.

"ஏய் கனிஷ்கா! எந்திரிடி! பிரேயர் முடிஞ்சு எல்லாரும் கிளாஸுக்குப் போயாச்சு, நீ மட்டும் என்ன மகாராணியா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. பிள்ளையின் இமை துடித்தது, ஒரு கண் பாதி திறந்தது. உதடு பிரிந்தது.

"அஞ்சு நிமிஷம் ஆன்ட்டி..."

பாண்டீஸ்வரி மகளை அள்ளிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிலோமினா அங்கே நிற்கவில்லை. நேரே நஸ்ரீன் அறைக்குப் போனாள், கதவைத் தட்டவும் இல்லை.

"காத்திருக்கிற குழந்தை யாருன்னு நீங்க சொல்ல வேணாம். எப்பன்னு மட்டும் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை என்றார் நஸ்ரீன். சவரிராஜும் வருகிறேன் என்றார், இவள்தான் வேண்டாம் என்றாள். அவர் பஸ் நிலையம் வரை வந்து, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, "எம் பேரையும் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

வட்டில் அதே இடத்தில் இருந்தது. நஸ்ரீன் கையில் ஊசிக்குழாய்.

"நல்லா எழுப்புங்க டீச்சர். எந்திரிச்சதும் இதை விடுவேன். அப்புறம் அது முடியற வரைக்கும் முழிச்சே இருக்கணும். நீங்க பேசிக்கிட்டே இருக்கணும்."

"வலிக்குமா?"

"வலி தெரியறதுக்கு அதுல இடம் இல்ல."

"நினைப்புக்கும் இடம் இல்லேன்னீங்க" என்றாள் பிலோமினா. பிறகு மைக்கின் முன் உட்கார்ந்தாள்.

"ஏய் ரோசி! மணி எட்டாச்சுடி! இன்னைக்குப் பரீட்சை, ஞாபகம் இருக்கா? எந்திரி!"

கடுகு பொரிந்தது. அடங்கியது. நஸ்ரீன் ஊசிக்குழாயை வட்டிலுக்கு மேலே கொண்டுபோனார். அந்த நேரம், மெதுவாக, சோம்பலாக, நாலைந்து கடுகு.

பிலோமினா கையை உயர்த்தினாள். மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளை நிறுத்த உயர்த்துவாளே, அந்தக் கை.

"அஞ்சு நிமிஷம் கேக்குறா டாக்டர்."

"டீச்சர், இது ஏற்கெனவே சோர்ந்து போயிருக்கு. மறுபடி தூங்கிட்டா எந்திரிக்குமான்னு தெரியாது. அங்க அந்தக் குழந்தை..."

"எந்திரிப்பா. நான் எழுப்புவேன்." பிலோமினா உயர்த்திய கையை இறக்கவில்லை. "அவ பொறந்ததுல இருந்து ஒரு நாள்கூட நான் இந்த அஞ்சு நிமிஷத்தைக் குடுத்ததில்ல டாக்டர். போர்வையப் பிடுங்கித்தான் எழுப்பியிருக்கேன். எனக்கு ஸ்கூலுக்கு நேரமாகும்னு. ஒரு நாள்கூடக் குடுத்ததில்ல."

நஸ்ரீன் அவளைப் பார்த்தார், ஊசிக்குழாயைத் தட்டில் வைத்தார். அவர் படித்த படிப்பில் இதற்கு இடமில்லை. வைத்தார். இரண்டு பெண்களும் ஒரு பட்டாணியளவு திட்டைச் சுற்றி, தூங்குகிற பிள்ளையின் அறையில் உட்கார்ந்திருப்பதுபோல, மூச்சையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் மட்டும். பிலோமினாவுக்கு அது மகள் குறட்டை விடுவதுபோலவே இருந்தது.

நேரம் ஆனதும் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"ரோசி. மணி பத்து இருபது. எந்திரிம்மா."

இதுவரை கேட்டிராத சத்தம். கடுகு இல்லை, தகரக் கூரையில் மழை இறங்கினாற்போல. நஸ்ரீன் ஊசிக்குழாயை இறக்கினார். பிலோமினா பேசினாள். பல்லு விளக்கினியா, முகத்தை நல்லாத் துடை, ஜடை ரெண்டு போடவா ஒண்ணு போடவா, டிபன் பாக்ஸ்ல இட்லி வெச்சிருக்கேன், பாதியில மூடிக் கொண்டாந்தே தெரியும் சேதி. அப்பா உன்னைக் கேட்டாரு. ஷூ லேஸ் அவுந்து கெடக்கு பாரு, விழுந்துராதே, இரு, நானே கட்டிவிடுறேன். மழை தூறலாயிற்று. குடை எடுத்துக்கிட்டியா? ஆட்டோ வந்துருச்சு. ஓரமா ஒக்காரு. வெளிய கைய நீட்டாதே. தூறல் விட்டு விட்டு வந்தது. சரி, போ. பாத்துப் போ. அம்மா வாசல்லதான் நிக்கிறேன்.

நஸ்ரீன் ஒலிபெருக்கியை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆனது அவளுக்குத் தெரியாது. அவள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பாடம் படித்த செல்கள் கனிஷ்காவுக்குச் சித்திரையில் ஏற்றப்பட்டன. ஆடியில் எடுத்த படத்தில் கட்டி இருந்த இடத்தில் ஒரு நிழல்தான் இருந்தது, ஐப்பசியில் நிழலும் இல்லை. இனி வரவே வராது என்று நஸ்ரீன் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற ஆளும் அவர் இல்லை. இப்போதைக்கு இல்லை என்றார். பிலோமினா பிறகு மதுரைக்குப் போகவில்லை, பாண்டீஸ்வரி போன் செய்தால் மட்டும் எடுப்பாள். சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைக் கழுவி விடுவாள்.

கல்லறைத் திருநாள் அன்று காலையில் அவள் வாணலியை வைத்து, எண்ணெய் ஊற்றி, கடுகு போட்டாள். பொரிந்தது. வெறும் கடுகுதான். அதற்காகவே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகம் கழுவி, சவரிராஜோடு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். மகள் கல்லறையின் பெயர்ப் பலகையை அவள் படித்தது அன்றைக்குத்தான்.

சாமியார் இன்னும் அந்த வரிசைக்கு வரவில்லை. வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட பெண் இறங்கி, யாரையும் வழி கேட்காமல், கல்லறைகளுக்கு இடையே நேராக நடந்து வந்தாள். கையில் மஞ்சள் பை. அதற்குள்ளிருந்து தேங்காய் மூடி எட்டிப் பார்த்தது. சவரிராஜ் அந்தத் தேங்காயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு மெழுகுவர்த்தியைப் பற்றவைக்கிற வேலையில் குனிந்துகொண்டார்.

பாண்டீஸ்வரி இவளைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"போன வருஷமும் நீதானா?" என்றாள் பிலோமினா.

"ஆமாக்கா."

"உனக்குத் தெரியுமா?"

"உங்ககிட்ட வந்து ஒக்காந்த அன்னைக்கே தெரியும். புள்ளைய உள்ள விட்டுட்டு வெளிய இருக்கிற தாய் கையில வாந்தி தொடைக்க ஒரு துண்டாவது இருக்கும்லக்கா. உங்க கையில ஒண்ணுமே இல்ல. ஒக்காரறதுக்கு முன்னாடியே அங்கன இங்கன விசாரிச்சு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன்." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "பொய் சொல்ல மாட்டேன். மொதல்ல, உள்ள வெச்சிருக்கிற உங்க பாப்பாவோடதை எங்க கனிக்காகக் குடுப்பீங்களான்னு கேக்கணும்னுதான் பக்கத்துல வந்து ஒக்காந்தேன். சோறு குடுத்ததும் அதுக்குத்தான். ஆனா நீங்க, 'தூங்குறா'ன்னு சொன்னீங்க பாருங்க. அதுக்கப்பறம் கேக்க வாய் வரலக்கா. வாராவாரம் எந்திரிச்சாளா எந்திரிச்சாளான்னு அதை மட்டும் கேட்டேன். தாங்க முடியாமத்தான் இங்க வந்து, பாப்பாகிட்டயே கேட்டேன்."

பிலோமினாவுக்குக் கோபம் வந்தது. வந்தது அடிவயிறு வரை போய், அங்கே ஒரு புளிச்சோற்றுத் தூக்குச் சட்டியைக் கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"என்ன சொன்னா எம்மக?"

பாண்டீஸ்வரி கல்லறையைப் பார்த்தாள். "'எங்கம்மாவக் கேக்கணும்'னா."

அப்படித்தான் சொல்லியிருப்பாள். பக்கத்து வீட்டில் ஒரு முறுக்கு கொடுத்தால்கூட அதைத்தான் சொல்வாள். பிலோமினா நகர்ந்து இடம் விட்டாள். பாண்டீஸ்வரி உட்கார்ந்து தேங்காயை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தாள். சூடத்தை எடுத்தவள் ஏதோ நினைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கனியும் வந்திருக்காக்கா. ஆட்டோவுலயே தூங்கிட்டா. நல்ல தூக்கந்தான், பயப்படாதீங்க, நேத்து ராத்திரி முழுக்க டிவி. இருங்க, எழுப்பிக் கூட்டியாறேன். பாப்பாவக் கும்புட்டுக்கட்டும்."

பிலோமினா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"விடு பாண்டி" என்றாள். "அஞ்சு நிமிஷம் தூங்கட்டும்."